காதப் பொத்திக்கிட்டுச் செத்தவன்

நான் நிதுர்ஷன். வயசு இருபத்திநாலு. நாவற்குடா இலட்சுமிட கடைசி மகன். இப்ப ரொமேனியாவில பாண் சுடுற பெக்டரி ஒண்டில வேல செய்யிறன். இது என்ட புது நம்பர். எங்கட சொந்தக்காரர் குரூப்பில கனபேருக்கு என்ட முகம் தெரியாது, அதால பேரு ஊரு சொல்லித் தொடங்கிறன். கையெல்லாம் மாவு, எழுத ஏலா. வாயால சொல்லுறன், போன் எழுதுது. பிழை இரிந்தா பொறுத்துக்கங்க. திரும்ப வாசிச்சுப் பாத்தா அனுப்ப மாட்டன், அதால வாசிக்கல்ல.

முதல்ல ஒண்டு சொல்லிருறன். இத வெளிய ஆருக்கும் அனுப்ப வேணா. என்ட விசாவில பாண் பெக்டரி வேல மட்டும்தான் செய்யலாம். படத்தில நடிச்சிரிக்கன் எண்டு தெரிஞ்சா என்ன செய்வானுகளோ தெரியா. என்னோட ரூமில இரிக்கிற ஓட்டமாவடி சரீப் சொல்லுறான், "படத்தில சாகிறதுக்கெல்லாம் ஒருத்தனும் விசா கேக்க மாட்டான் மச்சான்" எண்டு. அவனுக்கு எல்லாம் பகிடி. எனக்குப் பயம்தான்.

விசயம் இதுதான். அம்மா உங்க எல்லாரிட்டயும் போன் அடிச்சுச் சொன்னாவே, வெளிநாட்டுப் படத்தில எங்கட அண்ணா இரிக்காரெண்டு. அது அண்ணா இல்ல. அது நான்.

அண்ணாவத் தெரியாத ஆக்களும் இதில இரிக்கீங்க. அவர்ட பேரு உதயரூபன். ரெண்டாயிரத்தி ஏழில, பத்தொன்பது வயசில, சந்தியில சைக்கிளுக்குக் காத்து அடிச்சிட்டு வாறன் எண்டு போனவர், வரல்ல. சைக்கிளும் வரல்ல. எனக்கு அப்ப ஆறு வயசு. அம்மா ஏறி இறங்காத இடமில்ல, நிக்காத வரிசை இல்ல. வீட்டில அண்ணாட படத்துக்கு மால போட ஒருத்தரையும் விட மாட்டா. போன வருசம் அப்பா தவறிட்டார். இந்த ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் குளத்தில அப்பாட பேரு சொல்லி எள்ளுந்தண்ணியும் இறைக்கக்குள்ள, உதயன்ட பேரையும் சேத்துச் சொல்லிருவமா மச்சாள் எண்டு குஞ்சித்தம்பிச் சித்தப்பா கேட்டிரிக்கார். எத்தினையோ வருசமா அந்தக் கதைய எடுத்தாலே எழும்பிப் போற அம்மா, இந்த முறை ஓம் எண்டிட்டா. என்ட கூடப்பிறந்த கஜானி அக்கா உடனே எனக்குப் போன் அடிச்சா. "அம்மா ஓமெண்டிட்டாடா" எண்டா. மறுகா அழுதா. நானும் போனக் காதில வச்சுக்கிட்டு நிண்டன்.

அதுக்குப் பிறகுதான் இந்தப் படம் அம்மாட்ட வந்தது.

படத்தில நான் எப்பிடிப் போனன் எண்டா, எங்கட சுப்பவைசர் ஒரு நாள் வந்து, ஞாயித்துக்கிழமை வேல ஒண்டு இரிக்கு, சாப்பாடும் தருவானுகள், கறுத்த ஆக்கள்தான் வேணுமாம் எண்டார். நானும் சரீப்பும் நேபாளப் பொடியன்மாரும் போனம். பழைய செங்கல் பெக்டரி ஒண்டு. அங்க ஆமிச் சண்டைப் படம் எடுக்கிறானுகள். நாங்க எல்லாரும் முகத்தில கரி பூசின எதிரிப் படை. எந்த நாட்டுப் படை எண்டு சரீப் கேட்டான். டிரெக்டர் கொஞ்சம் யோசிச்சிட்டு, "கெட்ட நாடு" எண்டார்.

கதையில அது காடாம். அங்க எங்க காடு? இல உதிர்ந்து போன மரம் ரெண்டும் சுள்ளியும்தான். பிளாஸ்டிக் வாழமரம் கொஞ்சம் சாடியோட கொண்டு வந்து வச்சிரிந்தானுகள். வாழக்குலையில காயெல்லாம் மேல பாக்காமக் கீழ பாத்துத் தொங்குது. நானும் சரீப்பும் அதப் பாத்துத்தான் முதல்ல சிரிச்சம். காத்தடிச்சா காடு விழுந்திரும், ஒருத்தன் ஓடிப்போய் நிமித்துவான். டாங்கி எண்டு ஒண்டு நிண்டது. அது உழவு மெஷினச் சுத்திப் பலகை அடிச்சுப் பச்சப் பெயின்ற் பூசினது. கமரா பாக்கிற பக்கம் மட்டும்தான் பலகை. மற்றப் பக்கத்தில டிரைவர் சிகரட் குடிச்சுக்கிட்டு இரிக்கார்.

ஹீரோவுக்கு அறுபது வயசு இரிக்கும். முழங்கால் வருத்தக்காரர், ஓட ஏலா. அதால அவர் நடந்துதான் வருவார். நாங்க எல்லாரும் சேந்து சுட்டாலும் அவருக்குப் படாது. அவர் வேற எங்கயோ பாத்துக்கிட்டு ஒரு கைத்துவக்கால சுடுவார், நாங்க சாக வேணும். ஒரு தரமும் குண்டு மாத்தினதில்ல. எங்கட துவக்கெல்லாம் ரப்பர். நான் விழக்குள்ள என்ட துவக்கு புடலங்கா மாதிரி வளைஞ்சு திரும்ப நிமிந்தது. அத வெட்டாம அப்பிடியே படத்தில விட்டிரிக்கானுகள்.

சரீப்ப ஜெனரலாக்கினானுகள், வயிறு இரிக்கிறதால. உன்ட பாசையில என்னவாவது கட்டளை போட்டுக் கத்து எண்டு டிரெக்டர் சொன்னார். சரீப் முந்தி ஓட்டமாவடி பொலநறுவ பஸ்ஸில கொண்டக்டர். கையத் தூக்கி, "பொலநறுவ, பொலநறுவ, ஏறு ஏறு, வாசல்ல நிக்காம பின்னுக்குப் போ" எண்டு கத்தினான். படத்தில அதுக்குக் கீழ இங்கிலீசில எழுதியிரிக்கு, கடைசிச் சொட்டு இரத்தம் வரைக்கும் முன்னேறுங்கள் எண்டு. நாங்களும் முன்னேறினம்.

ஆக்கள் காணாது. அதால செத்த ஆக்களையே எழுப்பித் தாடி ஒட்டி அனுப்புவானுகள். அது முடிய தொப்பி. மறுகா கறுப்புக் கண்ணாடி. நான் மட்டும் நாலுதரம் செத்தன்.

இதில என்ன நடந்ததெண்டா, சின்னச் சத்தம்தான் வரும், பின்பக்கம் பறந்து விழு எண்டு சொல்லித் தந்தானுகள். சத்தம் சின்னனில்ல. கேட்ட உடன நான் நிலத்தில கிடக்கன். எப்பிடி விழுந்தன் எண்டு தெரியா. ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு, வாயத் துறந்துக்கிட்டு, நெஞ்சு நிலத்தில முட்டாம முழங்கையில ஊண்டிக்கிட்டு, ஒரு கால மடக்கிப் பக்கவாட்டில வச்சுக்கிட்டுக் கிடக்கன். டிரெக்டர் வந்து, அப்பிடியில்ல, பறக்க வேணும் எண்டார். ஓம் எண்டன். அடுத்த தரமும் அதேதான். மூண்டாம் தரமும் நாலாந்தரமும் அதேதான். எனக்கே வெக்கமாப் போயிட்டு. வெளிச்சம் போகுது எண்டு அவனுகள் இரிக்கிறத எடுத்துக்கிட்டுப் போயிட்டானுகள்.

படம் யூடியூப்பில சும்மாதான் கிடக்கு. ஆரும் பாக்கல்ல. பிறகு ஆரோ ஒருத்தன் என்ட நாலு சாவையும் வெட்டி ஒட்டி, ஒண்டு ரெண்டு எண்டு நம்பர் போட்டு, ஒவ்வொரு தரமும் நான் எழும்பி வரக்குள்ள சேவல் கூவுற சத்தமும் போட்டு விட்டிட்டான். குண்டு பட முதலே காதப் பொத்திக்கிட்டுச் செத்த வீரன். செத்தவனுக்குச் சத்தம் ஒத்துக்கல்ல போல. அப்பிடி எழுதி எழுதி உலகம் முழுக்கச் சிரிக்குது. நானும் சிரிச்சன். பொய் சொல்லல்ல. நானும் சரீப்பும் கட்டில்ல உருண்டு உருண்டு சிரிச்சம். இந்தக் குரூப்பிலயும் அத ஆரோ போட்டிரிந்தீங்க, சிரிக்கிற முகம் எல்லாம் போட்டிரிந்தீங்க. அதில ஒண்டும் பிழையில்ல. நாங்க எண்டு உங்களுக்குத் தெரியாதே.

அத பக்கத்து வீட்டுப் பிரஷாந்தி எங்கட அம்மாவுக்குக் காட்டியிரிக்கா, சிரிக்கட்டும் எண்டு. அம்மா சிரிக்கல்லயாம். போன வாங்கிக் கண்ணுக்குக் கிட்ட வச்சாவாம். "திரும்பப் போடுகா" எண்டாவாம். இன்னொருக்கா. இன்னொருக்கா. மறுகா, "இது என்ட மகன் உதயன்" எண்டாவாம்.

அக்கா எனக்கு அப்பிடியே சொன்னா. அக்கா அம்மாட்டச் சொல்லியிரிக்கா, "அம்மா, அது ஆரோ பொடியன். அண்ணாக்கு இப்ப முப்பத்தேழு வயசு."

"படத்தில வயசக் குறைச்சுக் காட்டுவானுகள்கா. உனக்கென்ன தெரியும்."

"அவன் செத்துப் போறான் அம்மா. வடிவாப் பாருங்க."

"நீ வடிவாப் பாரு. மறுகா எழும்பி வாறானே. நாலுதரம் சுட்டானுகள், நாலுதரமும் எழும்பி வாறான். உனக்குக் கண் தெரியல்லயா?"

ஆள் காணாதெண்டு அந்த டிரெக்டர் செய்த பிழை அது. ஊரெல்லாம் அதுக்குத்தான் சிரிக்குது. எங்கட அம்மா அதத்தான் பிடிச்சுக்கிட்டா.

ஆனா அம்மா அத மட்டும் வச்சுச் சொல்லல்ல. அவ சொன்னது அந்தப் படுக்கையப் பாத்து. சண்டைக் காலத்தில பிளேன் வரக்குள்ள, ஷெல் வரக்குள்ள எப்பிடிப் படுக்கிறதெண்டு அம்மாதான் அண்ணாக்கும் அக்காக்கும் படிப்பிச்சவ. காதப் பொத்து, வாயத் துற, நெஞ்ச முட்டாத. அது எல்லாருக்கும் தெரியும். அந்த மடக்கின கால் ஆருக்கும் தெரியா. அது அண்ணாக்கு மட்டும் அம்மா சொல்லிக் குடுத்தது, எனக்காக. நான் சின்னப்பிள்ள, தனியப் படுக்கத் தெரியாது, கத்துவன். அதால அண்ணா ஒரு கால மடக்கி, வயித்துக்குக் கீழ இடம் விட்டுப் படுப்பார். அந்த இடத்துக்குள்ள நான் கிடப்பன்.

"கீழ பிள்ளைக்கு இடம் விட்டுத்தான் விழுறான் பாரு. இப்பயும் மறக்கல்ல பாரு என்ட பிள்ள." அம்மா அக்காட்ட அப்பிடிச் சொல்லியிரிக்கா.

அக்கா இதச் சொல்லக்குள்ள நான் பாண் தட்டு அடுக்கிக்கிட்டு நிண்டன். தட்டக் கீழ வச்சிட்டன். அப்பதான் எனக்கே தெரியும் நான் ஏன் அப்பிடி விழுந்தன் எண்டு. அக்காட்ட உடனே சொன்னன், அது நான்தான் எண்டு. அக்கா, "அம்மாட்டச் சொல்லாத" எண்டா. "ரெண்டு நாளா அவ தானாச் சோறு போட்டுத் தின்னுறா" எண்டா.

அதால நான் சொல்லல்ல.

அடுத்த நாள் அம்மா எனக்கு அடிச்சா. "மனே, நீ இரிக்கிற நாட்டிலதானாம் அந்தப் படம் எடுத்திரிக்கானுகள். பிரஷாந்தி முழுப்படத்தையும் எடுத்துக் காட்டிச் சொன்னா. நீ போய் அண்ணாவத் தேடு."

"தேடுறன் அம்மா" எண்டன்.

என்ன செய்ய? என்னை நானே தேடுறன் எண்டு சொன்னன். ஒவ்வொரு நாளும் வேல முடிஞ்சு வரக்குள்ள அம்மாட கோல் வரும். "கண்டியா மனே?" இல்லம்மா. "அந்தக் கம்பனிக்காரனுகளிட்டக் கேட்டியா?" கேட்டன் அம்மா. "அவனுக்குத் தமிழ் மறந்திரிக்கும். நீ உன்ட பேரச் சொல்லு, அப்ப திரும்புவான்." அம்மாட குரலில ஒரு பலம் இரிந்துது. அந்தக் குரல நான் சின்னனில கேட்டதுக்குப் பிறகு கேட்கல்ல. வாவியில பிடிச்ச நண்டு வாங்கிக் கறி வச்சன் எண்டுறா. அண்ணாட சேட்டத் துவைச்சுக் காயப் போட்டன் எண்டுறா. இப்ப அவனுக்கு அளவு காணாது, உடம்பு வச்சிரிக்கான் எண்டுறா. அது என்ட உடம்பு. பாண் திண்டு வந்த உடம்பு.

சித்தப்பாட்டயும் சொல்லிட்டா, அமாவாசைக்கு அப்பாட பேரு மட்டும் போதும் எண்டு. "உயிரோட இரிக்கிறவனுக்கு எள்ளுந்தண்ணியும் இறைப்பீங்களா தம்பி" எண்டு கேட்டிரிக்கா.

மறுகா அக்கா திரும்பவும் அடிச்சா. அம்மா கடைக்குப் போகக்குள்ள றோட்டில இரிக்கிற பொடியன்மார் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு வாயத் துறந்து காட்டுறானுகளாம். நக்கல். அம்மாவுக்கு அது நக்கலாத் தெரியல்லயாம். "இவனுகளும் உதயனப் பாத்திரிக்கானுகள்கா" எண்டு அவனுகளப் பாத்துச் சிரிச்சிட்டு வாறாவாம். அக்கா, "எனக்கு ஏலாது, நீ சொல்லு" எண்டா.

போன ஞாயித்துக்கிழமை பகல், வேல இல்ல. வீடியோ கோல் எடுத்தன். அம்மா வேலியடியில கதிரை போட்டு இரிந்தா, பின்னால வாவி தெரிஞ்சுது. நான் சொன்னன். நேராச் சொன்னன். அம்மா சிரிச்சா.

"அக்கா சொல்லித்தந்தாவா?"

"இல்லம்மா. உண்மையா நான்தான். தாடி ஒட்டினானுகள். இந்தா போட்டோ பாருங்க."

"போன்ல என்னவும் செய்யலாம் மனே."

சரீப் எட்டிப் பாத்தான். "அம்மா, நான் ஓட்டமாவடி சரீப். அல்லாட சத்தியமா அது இவன்தான். நான்தான் அதில ஜெனரல்."

அம்மா போனக் கிட்ட எடுத்துப் பாத்தா. "அந்த வயிறு நீங்களா தம்பி?"

"ஓம்மா."

"நல்ல பிள்ள மாதிரி இரிக்கீங்க. ஏன் அவனுகளோட போய்ச் சேந்தீங்க? நீங்க ஏறு ஏறு எண்டு சொன்னதாலதானே என்ட பிள்ள முன்னுக்குப் போனவன்."

அம்மா என்னப் பாத்து, "நீயெண்டா விழு பாப்பம்" எண்டா. "நீ கீழ கிடந்தவன். உனக்கு விழத் தெரியா."

சரீப்பிட்டப் போனக் குடுத்திட்டு, ரெண்டு கட்டிலுக்கும் நடுவில விழுந்தன். யோசிச்சு யோசிச்சு விழுந்ததால பிழைச்சுப் போச்சு. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். நேபாளப் பொடியன்மார் கைதட்டிச் சிரிச்சானுகள். அம்மாவும் சிரிச்சா. "பாத்தியா, பாத்தியா" எண்டா. அவ்வளவு சந்தோசம் அவவுக்கு. சரீப் எனக்குக் கண்ணால காட்டினான், விடு, இப்பிடியே விட்டிரு எண்டு. விட்டிரிக்கலாம். பிறகும் தேடுறன் தேடுறன் எண்டு சொல்லிக்கிட்டே இரிந்திரிக்கலாம். எத்தின வருசத்துக்கு? றோட்டில அந்தப் பொடியன்மார் எத்தின வருசத்துக்குக் காதப் பொத்துவானுகள்?

நான் எழும்பி நிண்டு சொன்னன், "அம்மா, நீங்க அப்ப ஷெல் வரக்குள்ள சொல்லுற மாதிரிச் சொல்லுங்க. அப்ப விழுவன்."

அம்மா சிரிப்ப நிப்பாட்டினா. கொஞ்ச நேரம் வாவிப் பக்கம் பாத்தா. மெதுவா, "படுங்க பிள்ளையள்" எண்டா. எனக்கு விழ வரல்ல.

"இப்பிடி இல்லம்மா."

அப்ப அம்மா சொன்னா. அந்தக் குரலில. என்ன சொன்னா எண்டு எனக்குக் கேட்கக்கூட இல்ல, நான் நிலத்தில கிடந்தன். காதப் பொத்திக்கிட்டு, வாயத் துறந்துக்கிட்டு, கால மடக்கிக்கிட்டு. வயித்துக்குக் கீழ இடம் இரிந்துது. அதில ஒருத்தரும் இல்ல. கீழ கிடந்துதான்மா படிச்சன், அவர்ட காலும் கையும் வயிறும்தானே எனக்குத் தெரிஞ்ச அண்ணா, வேற ஒண்டும் எனக்கு ஞாபகம் இல்லயே எண்டு சொல்ல நினைச்சன். வாய் துறந்துதான் இரிந்துது. சத்தம் வரல்ல.

நேபாளப் பொடியன்மாரும் சிரிக்கல்ல. போனிலிரிந்து காகம் கத்துற சத்தம் மட்டும் வந்துது. மறுகா அம்மா, "எழும்பு மகன். நிலம் குளிரும்" எண்டா. நான் எழும்பக்குள்ள போன் அக்காட கையில இரிந்துது. அம்மாட கதிரை மட்டும் தெரிஞ்சுது.

பின்னேரமே சித்தப்பாக்கு ஆள் அனுப்பியிரிக்கா, அமாவாசைக்கு உதயன்ட பேரையும் சேத்துச் சொல்லுங்க எண்டு. அக்கா சொன்னா. அண்ணாட சேட்ட மடிச்சு உள்ள வச்சிட்டாவாம். அழல்லயாம். ஆரோடயும் கோவமும் இல்லயாம். ஆனா நான் அடிச்சா குசினிக்குள்ள போயிருறாவாம். இண்டைக்கும் அடிச்சன். பின்னால சட்டி கழுவுற சத்தம் கேட்டுது. அவதான்.

நான் செய்தது சரியா பிழையா எண்டு எனக்குத் தெரியா. அந்தப் படத்தில நாலுதரம் செத்தும் ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகல்ல. எங்கட ரூமில ஒருக்கா விழுந்தன், அதோட அம்மாட மகன் ஒராள் இல்லாமப் போயிட்டார். சரீப் சொல்லுறான், அவர் முந்தியே இல்ல மச்சான், நீ ஒண்டும் செய்யல்ல எண்டு. அவன் சொல்லுறது சரிதான். எனக்குச் சாப்பாடு இறங்குதில்ல.

இதக் குரூப்பில போடுறது, இனி ஆரும் அம்மாட்ட உதயனக் கண்டதா எண்டு கேக்காம இரிக்கத்தான். பொடியன்மாருக்கு ஏச வேணா. அவனுகளுக்கும் தெரியாது.

அக்கா, உங்களிட்ட ஒண்டுதான் கேக்கிறன். இத வாசிச்சிட்டு அம்மாட்டப் போங்க. போன அவட காதில வச்சுப் பிடிங்க. அவ என்னோட ஒண்டும் கதைக்க வேணா. சாப்பிட்டியா மனே எண்டு ஒருக்கா கேக்கச் சொல்லுங்க.